ஆறு மணிப் பூனை: கொழும்பு வீடுகளுக்கு எந்த வழி சரி?

"அக்கா, பூனையை நாள் முழுக்க வீட்டுக்குள்ளயே பூட்டி வைக்கிறது பாவமில்லையோ?"

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் ஒரு பூனையோடு இருக்கிறேன் என்று சொன்னவுடனேயே வரும் கேள்வி இது. கடந்த சில மாதங்களில் மூன்று பேர் இதையே வேறு வேறு விதமாகக் கேட்டார்கள். ஒருவர் எங்கள் ஒழுங்கையிலேயே புதிதாகத் தொடர்மாடி வீடு எடுத்த தம்பி. அவருடைய பூனை விடியற்காலையில் கத்தி வீட்டையே எழுப்புகிறது. இன்னொருவர் நுகேகொடையில் மாவும் பலாவும் நிற்கும் வளவோடு வீடு உள்ள ஒரு அம்மா. அவருடைய பூனை கிழமைக்கு இரண்டு தடவையாவது எதையாவது கவ்விக்கொண்டு வருகிறது. மூன்றாவது, கொட்டாஞ்சேனையில் ஒரு அனெக்ஸில் வாடகைக்கு இருக்கும் பிள்ளை. வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்கவே விடமாட்டார். மூன்று பேருக்கும் ஒரே பதில் பொருந்தாது. அதனால் பூனையை உள்ளே வைப்பதா வெளியே விடுவதா என்பதற்கு உள்ள வழிகளை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்பதையும் சொல்ல வேண்டும். தெஹிவளையில் கீழ்வீட்டில் இருந்த காலத்தில் என் கறுப்பியை வெளியே விட்டுத்தான் வளர்த்தேன். ஒரு ஒக்ரோபர் மாதக் கடைசி, இரவு முழுக்க மழை. காலையில் கதவைத் திறந்தால் கால்மிதியில் ஒரு குருவி கிடக்கிறது. முதுகு பச்சை, தோளில் வானநீலம், வயிற்றின் அடியில் குங்குமச் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே மை இழுத்தது போல ஒரு கறுப்புப் பட்டை, கட்டை வால். தூக்கிப் பார்த்தேன், உடம்புச் சூடு இன்னும் போகவில்லை. பக்கத்து வீட்டுச் சிங்கள மாமா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அவிச்சியா" என்று மட்டும் சொன்னார். தமிழில் ஆறுமணிக்குருவி. இந்தியாவில் இமயமலை அடிவாரத்திலும் நாட்டின் நடுப்பகுதியிலும் குஞ்சு பொரித்துவிட்டு, ஒக்ரோபரை ஒட்டி இலங்கைக்கு வந்து, ஏப்ரலை ஒட்டித் திரும்பிப் போகும் பறவை. வந்து இறங்கும் நாட்களில் களைத்துப்போய் வீட்டு வளவுகளில் கிடக்கும், சில வேளை வீட்டுக்குள்ளேயே வந்து விழும். நிலத்தில் சருகைக் கிளறித்தான் இரை தேடும். அவ்வளவு தூரம் பறந்து வந்த உயிர் என் பூனையின் வாயில் முடிந்தது. அன்றைக்குப் பிறகுதான் நான் இதைப் பற்றித் தேடித் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

விடியும் நேரத்திலும் பொழுதுபடும் நேரத்திலும் கூப்பிடுவதால்தான் அந்தக் குருவிக்கு ஆறுமணி என்று பெயர். பூனைக்கும் உடம்பு துறுதுறுக்கும் நேரம் அதுதான். கொழும்பு நிலநடுக்கோட்டுக்குக் கிட்ட இருப்பதால் வருடம் முழுக்கச் சூரியன் எழுவதும் விழுவதும் ஆறு மணியை ஒட்டியே நடக்கும். ஆகவே இங்கே உங்கள் பூனை எப்போது கத்தும், எப்போது கதவைப் பிறாண்டும், எப்போது ஒரு உயிரைப் பிடிக்கும் என்பதை மணிக்கூட்டைப் பார்த்தே சொல்லலாம். கீழே வரும் எல்லா வழிகளையும் அந்த இரண்டு ஆறு மணிகளில் என்ன நடக்கிறது என்பதை வைத்துத்தான் பார்க்கப் போகிறேன்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதலாவது, பூனையின் வேட்டைக் குணத்துக்கு வழி கிடைக்கிறதா என்பது. பூனைக்கு வேட்டை என்பது ஒரு தொடர்: கவனித்தல், பதுங்குதல், பாய்தல், பிடித்தல், கடித்தல், தின்னுதல், பிறகு நக்கித் துடைத்துவிட்டு நித்திரை. வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடுவது இதனால்தான். இந்தத் தொடர் நடக்க வேண்டும். முடிவில் ஒரு உயிர் போக வேண்டிய அவசியமில்லை.

இரண்டாவது, வெளி உயிர்களுக்கு வரும் ஆபத்து. குருவி, அணில், ஓணான், அரணை, பல்லி, பக்கத்து வீட்டு லவ் பேர்ட்ஸ் எல்லாம் இதற்குள் அடக்கம். மூன்றாவது, பூனைக்கே வரும் ஆபத்து: வாகனம், நாய், நோய், மாடியிலிருந்து விழுதல். நான்காவது, கண்ணுக்குத் தெரியாத செலவு: பணம், நேரம், வீட்டுக்காரரின் முகம், அயலவரின் பொறுமை.

ஐந்தாவதை யாரும் யோசிப்பதில்லை, எனக்கு அதுதான் முக்கியம். பிடிக்காவிட்டால் பின்வாங்க முடியுமா? வெளியே போய் ருசி கண்ட பூனையைத் திரும்ப உள்ளே பழக்க மாதக் கணக்கில் பொறுமை வேண்டும். உள்ளே இருக்கும் பூனைக்கு வசதியைக் கூட்டுவது எப்போதும் முடியும்.

எந்த வழிக்குப் போனாலும் அதற்கு முன் கருத்தடைச் சத்திரசிகிச்சையும், நீர்வெறுப்பு நோய்க்கான ஊசி உட்பட வருடாந்தத் தடுப்பூசிகளும் முடிந்திருக்க வேண்டும். கருத்தடை செய்யாத பூனையை எந்த வலையும் எந்த விளையாட்டும் அமைதியாக வைத்திருக்காது.

| வழி | வேட்டைக் குணத்துக்கு | வெளி உயிர்களுக்கு ஆபத்து | பூனைக்கு ஆபத்து | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| உள்ளேயே, விளையாட்டோடு | நீங்கள் நேரம் கொடுத்தால் நல்லது | பல்லிக்கு மட்டும் | மிகக் குறைவு | தினமும் உங்கள் நேரம் |
| வலை அடித்த பல்கனி | நல்லது | குறைவு, வலை சரியாக இருந்தால் | குறைவு | துரு, அனுமதி, பராமரிப்பு |
| மார்புப் பட்டியோடு நடை | நடுத்தரம் | நடுத்தரம் | நாய், தப்பி ஓடுதல் | பழக்கும் காலம், கதவடியில் கத்தல் |
| இரண்டாவது பூனை | குட்டிகளுக்கு நல்லது | இல்லை | சண்டை, மன அழுத்தம் | எல்லாம் இரட்டிப்பு |
| நேரம் பார்த்து வெளியே | மிக நல்லது | மிக அதிகம் | மிக அதிகம் | வைத்தியச் செலவு, அயல் சண்டை |

## உள்ளேயே, ஆனால் வேலை கொடுத்து

கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்கு உள்ள ஒரே வழி இது. ஆனால் அது குறைந்த வழியல்ல. சும்மா அடைத்து வைப்பதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

தேவையான சாமான் ஒரு தென்னை ஈர்க்கிலும் ஒரு துண்டுத் துணியும்தான். ஈர்க்கிலின் கூர் நுனியை முறித்துவிட்டு, துணியை முடிச்சுப் போட்டுக் கட்டுங்கள். அதைப் பூனையின் முகத்துக்கு நேரே ஆட்டக் கூடாது. எந்த இரையும் வேட்டைக்காரனை நோக்கி ஓடி வராது. கதிரைக் காலுக்குப் பின்னால் மெல்ல இழுத்து நிறுத்துங்கள். ஒரு மூச்சு. பிறகு பாயின் விளிம்புக்குக் கீழே கொஞ்சம் நகர்த்துங்கள். கறுப்பி இந்த இடத்தில் வயிற்றை நிலத்தோடு ஒட்டி, கண்மணி இரண்டும் அகலமாகி, பின்பக்கத்தை இரண்டு மூன்று தரம் ஆட்டுவாள். அந்த ஆட்டம் வந்தால் பாய்ச்சல் நிச்சயம். பிடிக்க விடுங்கள். கடித்து உதைக்க விடுங்கள். பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கத் தொடங்கும். அப்போது சாப்பாட்டை வையுங்கள். தின்றுவிட்டு முகம் கழுவிக்கொண்டு படுத்துவிடும். காலை ஆறுக்கு ஒரு தரம், மாலை ஆறுக்கு ஒரு தரம். விடியற்காலையில் கத்தும் பூனையின் சொந்தக்காரத் தம்பிக்கு நான் முதலில் சொன்னதும் இதுதான்: இராச்சாப்பாட்டை எட்டு மணிக்கு வைத்துவிட்டுப் படுக்காமல், படுக்கப் போகும் முன் ஒரு விளையாட்டு, அதற்குப் பிறகு சாப்பாடு. பத்துப் பன்னிரண்டு நாளில் விடியற்காலைக் கத்தல் நன்றாகக் குறைந்துவிட்டது என்றார்.

லேசர் வெளிச்சம் காட்டி விளையாட்டுக் காட்டுபவர்கள் உண்டு. அதில் பிடிபடுவதற்கு ஒன்றுமே இல்லை என்பதால் பூனை ஏமாந்து எரிச்சலோடுதான் நிற்கும். பாவித்தால் கடைசியில் வெளிச்சத்தை ஒரு துண்டு மீனில் கொண்டுபோய் நிறுத்துங்கள்.

மற்றச் சாமான்களுக்கும் கடைக்குப் போக வேண்டியதில்லை. பச்சைத் தென்னோலையில் பின்னிய ஓலைப்பந்தைப் பூனை நார் நாராகக் கிழிக்கும். கிழித்து முடித்தால் இன்னொன்று பின்னலாம். நகம் தீட்டுவதற்கு, புறக்கோட்டையில் தும்புக்கயிறு வாங்கி மேசைக்கால் ஒன்றில் இறுக்கிச் சுற்றுங்கள், ஆணியே தேவையில்லை. எருமைத் தயிர் வாங்கிய சட்டியைக் கழுவி, அடியில் துளை போட்டு, தும்புத்தூளும் மண்ணும் கலந்து குரக்கனோ நெல்லோ தூவினால், ஒரு கிழமையில் பூனை மேயப் புல் தயார்.

அப்புறம் குப்பைமேனி. இந்தச் செடிக்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர் இருக்கிறது. காரணம் வேரில் இருக்கிறது. பிடுங்கிக் கழுவிய வேரைத் தரையில் வைத்தால் பல பூனைகள் முகத்தைத் தேய்த்து, உருண்டு, எச்சில் வடித்து, கொஞ்ச நேரத்துக்குத் தங்களை மறந்து கிடக்கும். மேல்நாட்டில் பூனைப்புதினா என்று விற்பது செய்கிற வேலையை எங்கள் மதிலோரத்துச் செடி செய்கிறது. ஒழுங்கைக் கானோரத்தில் பிடுங்காமல் ஒரு சாடியில் வளர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அங்கே நாய் மூத்திரமும் களைநாசினியும் இருக்கும். மணக்க விடலாம், கூடுதலாகத் தின்ன விடக் கூடாது. பத்து நிமிடத்தில் எடுத்துவிடுங்கள்.

உள்ளேயும் ஆபத்து இருக்கிறது. லில்லிப் பூ வீட்டுக்குள் வரவே கூடாது. பூங்கொத்தில் வந்ததானாலும் சரி, தேவாலயத்திலிருந்து வந்ததானாலும் சரி, அதன் மகரந்தத்தை நக்கினாலே, சாடித் தண்ணீரைக் குடித்தாலே பூனையின் சிறுநீரகம் செயலிழக்கலாம். இரண்டாவது, நூல். சாமி அறையில் வாடிய பூச்சரத்தின் நூலைப் பூனை விழுங்கினால் குடலைச் சுருக்கி இழுத்துவிடும். பூவைக் கழற்றிய கையோடு நூலை மூடியுள்ள குப்பைக் கூடையில் போடுங்கள்.

பல்லியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் வைத்தால் யாருக்கும் தொல்லையில்லை என்பது முழு உண்மையல்ல. பொழுதுபட்டு டியூப் லைட்டைப் போட்டதும் பல்லிகள் பூச்சி பிடிக்க அங்கே கூடும். லைட்டுக்குக் கிட்ட அலுமாரி நின்றால் அதுவே பூனைக்கு மேடை. துண்டாகித் துடிக்கும் வாலோடு பூனை விளையாடும்போது பல்லி தப்பிவிடும் என்றாலும், எல்லாத் தரமும் தப்பாது. அலுமாரியை நகர்த்தினேன், லைட் போடும் முன் விளையாட்டை வைத்தேன். கறுப்பியின் பல்லி வேட்டை அநேகமாக நின்றுவிட்டது. "விளையாடட்டும்" என்று பல்லியையோ கரப்பானையோ பிடித்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். துணியோடு திருப்தியாகக்கூடிய பூனைக்கு ஒரு உயிரை வதைக்கப் பழக்குகிறீர்கள்.

இந்த வழியின் செலவு நேரம்தான். வேலையால் இரவு எட்டு மணிக்கு வீடு வருபவருக்கு மாலை ஆறு மணி தவறிப்போகும். ஊருக்குப் போனால் பூனைக்குச் சாப்பாடு வைக்க ஆள் பிடிக்கலாம், விளையாட ஆள் பிடிப்பது கஷ்டம். வாடகை வீட்டில் இருப்பவர், வயதான பூனை, காலில் குறையுள்ள பூனை, சந்தடிமிக்க வீதியோரத்துக் கீழ்வீடு ஆகியவற்றுக்கு வேறு எதையும் யோசிக்காமல் இதையே எடுக்கலாம்.

## வலை அடித்த பல்கனி

பல்கனி உள்ள தொடர்மாடிக்கு என் முடிவு இதுதான். வெயில், காற்று, கடல் மணம், காகம், எதிர்க் கூரையில் கூச்சலிடும் புலுனிக் கூட்டம் எல்லாம் பூனைக்குக் கிடைக்கும், எதுவும் அதன் வாய்க்குள் போகாது. கவனித்தலும் பதுங்குதலும் இங்கே நடக்கும். பாய்தலும் பிடித்தலும் நடக்காது. அதனால் ஈர்க்கில் விளையாட்டை விட்டுவிட முடியாது.

வலை இல்லாத பல்கனியை ஒரு வழியாகவே கணக்கெடுக்க வேண்டாம். பூனை எங்கிருந்து விழுந்தாலும் காலில் நிற்கும் என்பதை நம்பி விட்டவர்கள் உடைந்த தாடையோடும் அடிபட்ட நெஞ்சோடும் மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். எதிரே பறக்கும் ஒரு தும்பியைப் பார்த்த நொடியில் பூனைக்கு மூன்றாம் மாடி என்ற நினைவு இருக்காது. யன்னலில் உள்ள நுளம்பு வலையும் போதாது. நகம் பட்டால் கிழியும், பாரம் பட்டால் சட்டத்தோடு கழன்று வரும்.

நான் விட்ட பிழைகளைச் சொல்கிறேன், நீங்கள் விடாமல் இருக்க. முதலில் மலிவென்று கோழிக்கூட்டுக் கம்பிவலை அடித்தேன். காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கமாக இருக்கும் எந்த வீட்டிலும் உப்புக்காற்று இரும்பை விடாது. ஒரு வருடத்துக்குள் முடிச்சு முடிச்சாகத் துரு. விரலால் தட்ட உதிர்ந்தது. அடுத்து நைலோன் வலை. அது துருப்பிடிக்கவில்லை. ஆனால் தளர்வாகக் கட்டியிருந்தேன், காற்றுக்கு ஆடியது. ஒரு நாள் பின்னேரம் தேன்சிட்டு ஒன்று அதில் காலைக் கொடுத்துச் சிக்கித் தலைகீழாகத் தொங்கியது. கத்தரிக்கோலால் நூலை வெட்டி எடுத்தபோது என் உள்ளங்கையில் அதன் நெஞ்சு அடித்த அடி இன்னும் நினைவிருக்கிறது. பறந்துபோய்விட்டது. குருவியைக் காப்பாற்ற அடித்த வலையே குருவிக்குக் கண்ணியாகிவிட்டது. இப்போது தடித்த நூல் வலையை, சுற்றிவர அலுமினியச் சட்டத்தில், விரலால் தட்டினால் மீளும் அளவுக்கு இழுத்துக் கட்டியிருக்கிறேன். தூரத்திலிருந்தே தெரியும் நிறமாக இருப்பது நல்லது. வலைக் கண் உங்கள் பூனையின் தலை நுழையாத அளவு இருக்க வேண்டும், குட்டியென்றால் அதைவிடச் சிறிது.

அடிக்கும் முன் மேலும் கீழும் பாருங்கள். கொண்டைக்குருவிகள் வீட்டு விளக்குக் கூட்டிலும் பூச்சாடியிலும் கூடு கட்டும். முட்டையோ குஞ்சோ இருந்தால் குஞ்சு பறக்கும்வரை வேலையைத் தள்ளிப்போட்டு, அதுவரை பல்கனிக் கதவைச் சாத்தி வையுங்கள். காகத்துக்குச் சோறு வைக்கும் வழக்கம் உள்ள வீடென்றால் அந்த இடத்தைப் பூனை எட்டாத வேறொரு யன்னல் திண்ணைக்கு மாற்றுங்கள். பூனை பார்த்து மகிழட்டும் என்று பல்கனியிலேயே குருவிக்குத் தானியம் தூவுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒவ்வொரு வாய்க்கும் பயந்து பயந்து தின்ன வைக்கிறோம்.

செலவு விஷயத்துக்கு வருவோம். சட்டம் போடத் தொழில் தெரிந்த பாஸ் ஒருவரைப் பிடித்தால் கூலிதான் பெரிய தொகை, வலை அல்ல. தொடர்மாடி நிர்வாகக் குழுவிடம் முன்கூட்டியே கேளுங்கள். கட்டடத்தின் முகப்பு மாறுகிறது என்று அடித்த பிறகு கழற்றச் சொன்ன இடங்கள் உண்டு. சுவரைத் துளைக்காமல் தரைக்கும் கூரைக்கும் இடையில் நெருக்கி நிறுத்தும் கம்பங்களிலும் வலையைக் கட்டலாம், வாடகைக்காரருக்கு அது வசதி. வருடத்துக்கு இரண்டு தரமாவது, முக்கியமாகத் தென்மேல் பருவக்காற்று தொடங்கும் மே மாதத்துக்கு முன், எல்லா முடிச்சையும் கையால் இழுத்துப் பாருங்கள். வெளியே வைக்கும் தண்ணீர்ச் சட்டியிலும் சாடித் தட்டிலும் உள்ள தண்ணீரைத் தினமும் கொட்டிவிட்டு, கிழமைக்கு ஒரு தரம் அவற்றைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கொழும்பில் டெங்கு நுளம்புக்கு அவ்வளவு தண்ணீர் தாராளம்.

## மார்புப் பட்டியோடு நடை

கழுத்துப் பட்டியில் கயிறு கட்டுவதை இங்கே சொல்லவில்லை. நெஞ்சையும் தோளையும் சுற்றிப் போடும் பட்டிதான் பூனைக்கு. போட்ட முதல் நாள் பூனை பக்கவாதம் வந்தது போல ஒரு பக்கமாகச் சாய்ந்து விழும். பயப்பட வேண்டாம். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் சில நாள் பட்டியைக் கிடத்தி வைத்து, பிறகு இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம் என்று கூட்டுங்கள். வெளியே இறங்கச் சில கிழமையாவது ஆகும். சில பூனைகளுக்கு எந்தக் காலத்திலும் பிடிக்காது. அவற்றை வற்புறுத்த வேண்டாம்.

கொழும்பில் எங்கே நடப்பது என்பதுதான் சிக்கல். ஒழுங்கைக்குள் இறங்கினால் தெருநாய். மரைன் டிரைவ் பக்கம் போனால் வாகனம் ஒரு பக்கம், தண்டவாளம் மறுபக்கம். ரயில் கடக்கும் சத்தத்துக்கு மிரண்ட பூனை பின்பக்கமாக நெளிந்து பட்டியிலிருந்து கழன்று ஓடினால் பிடிப்பது கஷ்டம். எனக்குத் தெரிந்து இது நன்றாகப் போவது இரண்டு இடங்களில்: சுற்றுமதில் உயரமாக உள்ள மொட்டைமாடி, சொந்த வளவு. நேரம் காலை எட்டு மணியை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணியை விட்டுவிடுவது குருவிகளுக்காக, நண்பகலை விட்டுவிடுவது பாதம் பொசுக்கும் சீமெந்துக்காக.

கயிறு இரண்டு மீற்றருக்கு மேல் வேண்டாம். குருவி பறந்துவிடும், ஆனால் சருகுக்குள் இருக்கும் அரணைக்கும் ஓணானுக்கும் இரண்டு மீற்றரே போதும், ஆகவே உங்கள் கண் பூனையின் முகத்திலேயே இருக்க வேண்டும். தெள்ளும் உண்ணியும் கூடவே வீட்டுக்கு வரும். அதற்கான மாத மருந்தையும் கணக்கில் சேருங்கள். ஒரு நாள் கூட்டிப்போனால் அடுத்த நாளும் அதே நேரம் கதவடியில் நின்று கூப்பிடும். துணிச்சலான இளம் பூனையும், ஒழுங்காக வீட்டில் நிற்கும் ஆளும் அமைந்தால் இது நல்ல வழி. வேலை நேரம் மாறி மாறி வருபவர்களுக்கு வேண்டாம்.

## இரண்டாவது பூனை

"தனிமையில் இருக்குது, ஒரு சோடி கொண்டுவந்து விடு" என்று பெரியம்மாமார் சொல்வார்கள். ஒரே ஈற்றுக் குட்டிகள் இரண்டை ஒன்றாக எடுப்பது அருமையான முடிவு. ஒன்றை ஒன்று துரத்தி வேட்டைத் தொடரின் பாதியைத் தாமே நடத்திக்கொள்ளும். ஐந்தாறு வருடம் தனியாக ஆண்ட பூனையிடம் இன்னொன்றைக் கொண்டுவருவது வேறு கதை. தனி அறையில் வைத்து, மணத்தை முதலில் பழக்கி, கதவிடுக்கால் காட்டி, கிழமைக் கணக்கில் போக வேண்டும். மணல் தட்டு மூன்று, சாப்பாட்டுத் தட்டு வெவ்வேறு இடத்தில், ஊசி இரட்டிப்பு. சலிப்புக்கு மருந்தாக மட்டும் இதைச் செய்ய வேண்டாம். இன்னொரு பூனையை உண்மையாகவே வளர்க்க விருப்பம் இருந்தால் செய்யுங்கள்.

## நேரம் பார்த்து வெளியே

நுகேகொடை அம்மா கேட்டது இதைத்தான். "தம்பி, தங்கச்சி எல்லாரும் சொல்லீனம், மணி ஒண்டு கட்டினாச் சரியாம்."

2021இல் இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 219 வீடுகளில் உள்ள 355 பூனைகளை வைத்து இதைச் சோதித்து வெளியிட்டார்கள். மணி கட்டியதால் குறிப்பிடும்படியான மாற்றம் எதுவும் தெரியவில்லை. கழுத்துப் பட்டிக்கு மேல் பளிச்சென்ற நிறத் துணி உறை போட்டபோது வீட்டுக்குக் கொண்டுவந்த பறவைகள் 42 வீதம் குறைந்தன, பாலூட்டிகளில் மாற்றமில்லை. தானியம் சேராத, இறைச்சிப் புரதம் கூடிய உணவு கொடுத்தபோது இரை 36 வீதம் குறைந்தது. தினமும் ஐந்து முதல் பத்து நிமிடம் விளையாடியதால் 25 வீதம் குறைந்தது. உருட்டி உருட்டித் தீனி எடுக்கும் புதிர்த் தட்டு கொடுத்த பூனைகளில் மாறாக 33 வீதம் கூடியது.

அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான். எங்கள் வீடுகளில் பூனைக்குப் போடும் சாப்பாடு பெரும்பாலும் சோறு, அதில் மீன் மணக்க மட்டும் கொஞ்சம். பூனை ஊனுண்ணி. அவித்த மீனையும் கோழியையும் கூட்டி, சோற்றைக் குறைத்து, பூனைக்கு வேண்டிய சத்தெல்லாம் உள்ள கடைப் பூனை உணவும் சேர்த்துக் கொடுத்தால் வெளியே தேடும் தேவை குறைய இடமிருக்கிறது. சிவப்பு, மஞ்சள் பிளவுஸ் துண்டில் உறை தைக்கலாம். உள்ளே போடும் பட்டி, கிளையில் மாட்டினால் தானாகக் கழரும் வகையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தூக்குக் கயிறுதான்.

ஆனால் 42 வீதம் குறைந்தது என்றால் 58 வீதம் நடக்கிறது என்று அர்த்தம். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்கள் என்று ஐயூசிஎன் என்ற சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தொகுத்த பட்டியலில் வீட்டுப் பூனையும் இருக்கிறது. 2018இல் ஈரநிலங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சார் சமவாயம் முதன்முதலாக ஈரநில நகரங்கள் என்று அங்கீகரித்த 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. நுகேகொடை, ராஜகிரிய, பத்தரமுல்ல, தலவத்துகொட பக்கத்து வளவுகள் அந்த ஈரநிலங்களுக்குக் கிட்டவே இருக்கின்றன. அங்கே மீன்பிடிப் பூனை என்ற காட்டுப் பூனை இன்னும் உயிர்வாழ்கிறது, உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள இனம். எங்கள் பூனைகளின் நோய்கள் அதற்கும் தொற்றக்கூடியவை. வெளியே போகும் பூனைக்கும் நல்ல முடிவு வருவதில்லை: சண்டைக் கடியில் சீழ்க்கட்டி, கடியாலேயே பரவும் பூனை எய்ட்ஸ், எலிக்கு வைத்த நஞ்சு, நாய், வாகனம். வைத்தியச் செலவை ஒரு வருடம் கூட்டிப் பார்த்தால் பல்கனிக்கு வலை அடித்திருக்கலாம்.

ஆகவே இதை நான் பரிந்துரைப்பதில்லை. ஏற்கனவே வெளியே பழகிவிட்ட, உள்ளே வைத்தால் தன்னையே நக்கிப் புண்ணாக்கும் பூனைக்கு மட்டும் இடைக்கால ஏற்பாடாகச் செய்யலாம்: காலை ஒன்பதுக்குப் பிறகு விட்டு, பின்னேரம் நாலரைக்குச் சாப்பாட்டு மணத்தைக் காட்டி உள்ளே எடுத்துக் கதவைச் சாத்துவது. ஒக்ரோபர், நவம்பரில் அதுவும் வேண்டாம்.

பிடித்துவிட்டால் என்ன செய்வது என்றும் தெரிந்திருக்க வேண்டும். பூனையின் வாயிலுள்ள கிருமி சின்னப் பற்குறி வழியாகவே குருவியைக் கொன்றுவிடும், "காயம் ஒண்டும் தெரியேல்ல" என்று பறக்கவிட்டால் ஓரிரு நாளில் எங்கோ செத்துக்கிடக்கும். காற்றுத் துளை போட்ட மட்டைப் பெட்டியில் மெல்லிய துணி விரித்து, இருட்டாகவும் இளஞ்சூடாகவும் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், சொண்டைத் திறந்து தீத்தவும் வேண்டாம். அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள், அல்லது வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.

நுகேகொடை அம்மாவோடு இரண்டு மூன்று தரம் கதைத்தேன். பூனைக்கு நாலு வயது, வளவு முழுக்க அதன் ராச்சியம், ஒரே நாளில் பூட்ட முடியாது. முதலில் சாப்பாடு மாறியது. பிறகு மாலை விளையாட்டு. அவருடைய பேத்திதான் ஈர்க்கில் பிடிக்கிறாள். இப்போது நாலரைக்குத் தானாகவே குசினி வாசலில் வந்து இருக்கிறதாம். பின் விறாந்தை மூன்று பக்கம் திறந்தது, மாமரத்தைப் பார்த்தபடி இருக்கிறது, வலை அடித்தால் பூனைக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. மகன் அளவெடுத்துவிட்டார், சட்டத்துக்குச் சொல்லியும் ஆகிவிட்டது. ஒக்ரோபருக்கு முன் முடிக்கச் சொல்லியிருக்கிறேன்.